கோழிக்கும் குளிக்க இடம் கொடு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.

ஐந்து சிறுவிடைக் கோழி வாங்கி வளர்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. கூடு, தீவனம், தண்ணீர் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாய். இன்னும் ஒன்று வேண்டும்: அவை புரள ஓர் இடம். கால்நடைத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் வீட்டுக்கு வீடு நான் சொல்லிவந்தது இதுதான்.

கோழி தண்ணீரில் குளிக்காது, புழுதியில்தான் குளிக்கும். வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகுக்குப் பூசிக்கொள்ளும். பழைய எண்ணெய் சேரச் சேர இறகு பிசுக்கேறி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தூள் அந்தப் பிசுக்கை உறிஞ்சும். பேனையும் செள்ளையும் உதிர்க்கும். கலிபோர்னியாவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மணலோடு கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் கலந்த பெட்டியில் புரண்ட கோழிகளிடம் பேனும் செள்ளும் நன்றாகக் குறைந்தன. பெட்டியை எடுத்ததும் மறுபடி பெருகின. அதனால் இது ஒருநாள் வைத்தியம் அல்ல, என்றும் இருக்க வேண்டிய வசதி.

கம்பிக் கூண்டில் மண்ணையே பார்க்காமல் வளரும் கோழிகூட, உட்கார்ந்து இல்லாத மண்ணை இறக்கையால் அள்ளிப் போட்டுக்கொள்ளும். பிறவியிலேயே வந்த தேவை அது. இத்தகைய தேவைகளைக் கருதித்தான் வெறுங்கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடைசெய்திருக்கிறது.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கடலை ஒட்டி இருக்கிறோமே, மணலுக்கு என்ன பஞ்சம் என்று நினைக்காதே. கடல்மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மணல் பொலபொலவென்று உலராது. கோழி அதைக் கொத்தி விழுங்கும்; அளவு மீறிய உப்பு அதற்கு விஷம். அதோடு, தை முதல் பங்குனி வரை அந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அங்கே போய்த் தோண்டாதே.

நர்சரியில் செம்மண் கிடைக்கும். சலித்த செம்மண் இரண்டு பங்கு, உப்பில்லாத பொடிமணல் ஒரு பங்கு, விறகடுப்புச் சாம்பல் அரைப் பங்கு போதும். சாம்பல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். குப்பையோ பெயின்ட் அடித்த பலகையோ எரித்த சாம்பல் ஆகாது. சாம்பல் நனைந்தால் தோலை அரிக்கும், கவனம். சுண்ணாம்புத் தூளும் பூச்சிமருந்துப் பொடியும் வேண்டவே வேண்டாம்.

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு மரப்பெட்டி எடுத்து, முக்கால் அளவு நிரப்பு. பழைய லாரி டயரும் ஆகும். தெர்மாகோல் மீன்பெட்டியை மட்டும் வைக்காதே, கொத்தித் தின்றுவிடும். அறுந்த வலைத் துண்டு எதுவும் பக்கத்தில் கிடக்கக் கூடாது. நைலான் இழை காலில் சுற்றினால் ரத்தவோட்டம் நின்று விரலே போய்விடும்.

பெட்டியைக் கூரைத் தண்ணீர் சொட்டாத, வெயில் படும் இடத்தில் செங்கல் மேல் தூக்கி வை. மழைக்கு உயரே ஒரு தகடு போடு. எச்சத்தைத் தினமும் அள்ளிவிட்டுக் கிளறு. ஈரம் தட்டினால் மண்ணை மாற்று.

நடுப்பகலில்தான் பெரும்பாலும் புரளும். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக் கிடக்கும். செத்துவிட்டதோ என்று பதறித் தூக்காதே. அரைமணி நேரத்தில் தானே எழுந்து உதறிக்கொள்ளும். அடைக்கோழியை மறக்காதே. 21 நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அதற்குத்தான் பேன் அதிகம் பிடிக்கும். தீனிக்கு இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் புழுதியும் கிட்டத்திலேயே இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை ஆசனவாய்ப் பக்கத்து இறகை விலக்கிப் பார். இறகின் அடியில் வெள்ளையாய்க் கொத்தாக இருந்தால் பேன்முட்டை. சிவப்புச் செள் பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் கடிக்கும். டார்ச் அடித்துக் கூட்டைப் பார். அது வந்துவிட்டால் புழுதி மட்டும் போதாது; கோழிகளை வெளியே விட்டுக் கூட்டின் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்று, வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டு.

புரள்வதைக் கோழியே பார்த்துக்கொள்ளும். மண்ணை உலர வைத்துக் கொடுப்பதுதான் உன் முக்கிய வேலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கார்த்திகை வரை காய்ந்த மண் கிடைப்பது கஷ்டம். புரட்டாசிக்குள் இரண்டு மூட்டை சலித்துக் கட்டி வைத்துவிடு, மகளே.

அன்புடன்,
பெரியப்பா