திண்டுக்கல் ஆயுதச்சாலையும் மைசூர்ப் போர்களும்

திருச்சிராப்பள்ளிச் சாலையில் வடமதுரையைக் கடந்து திண்டுக்கல்லை நெருங்குவோர்க்கு மலைக்கோட்டை தொலைவிலேயே காட்சி தரும். அதனை வீரத்தின் சின்னமாகவே நாம் பேசிப் பழகியுள்ளோம். அக்கோட்டையூரில் ஓர் ஆயுதச்சாலை இயங்கிற்று என்பதனை நம் மாணவருள் பலர் அறியார். போரின் முடிவை வாள்வலி எவ்வளவு தீர்மானிக்கிறது, பட்டறையும் பண்டசாலையும் நட்பு நாட்டின் கப்பலும் எவ்வளவு தீர்மானிக்கின்றன என்னும் வினாவுக்கு நம் ஊர்ப்புறத்திலேயே சான்று கிடைக்கின்றது.

1755இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டார். பாளையக்காரர்களை அடக்கி வரி தண்டுவதே அவர்க்கு இடப்பட்ட பணி. அதற்குக் குதிரைப்படையே போதுமானது. ஆயினும் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நிகழ்ந்த கர்நாடகப் போர்களில் பங்குகொண்டு, ஐரோப்பியரின் பீரங்கி செய்த வேலையை நேரிற் கண்டவர் அவர். எனவே திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களினின்றும் பிரெஞ்சுத் தொழில்வல்லாரை வருவித்து, அவர்தம் மேற்பார்வையில் பீரங்கிப்படையையும் ஆயுதச்சாலையையும் வெடிமருந்துக் கூடத்தையும் திண்டுக்கல்லில் நிறுவினார். பீரங்கியை மட்டும் விலைக்கு வாங்கியிருந்தால், அது பழுதுற்ற அன்றே விற்றவனை நாடிச் செல்ல நேர்ந்திருக்கும். ஐதர் தருவித்ததோ கைத்திறன். எழுதப்படிக்க அறியாதவர் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் அம்மனிதர் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

கற்ற கை பின்னர்த் தானே புதியன செய்தது. மைசூர்க் கொல்லர் ஏவுகணையின் மருந்தை இரும்புக் குழலுள் அடைத்தனர். காகிதக் குழலோ மூங்கிற் குழலோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியமையால் ஏவுகணை நெடுந்தொலைவு பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அவர் படை சரணடைந்தது. வண்டிகளைத் தாக்கியது ஏவுகணையா பீரங்கிக் குண்டா என்பதிற் கூற்றுகள் வேறுபடும். எதுவாயினும், மருந்து தீர்ந்த படை படையாகாது என்பது அன்று தெளிவாயிற்று.

மைசூருக்குக் குறை எங்கே நேர்ந்தது? கடலில் நேர்ந்தது என்பது நம் கருத்து. பிரெஞ்சுக்காரரின் கப்பலும் காலாட்படையும் ஐரோப்பிய அரசியலோடு பிணைந்திருந்தன. 1783இல் கடலூரில் புஸ்ஸியின் படையும் கடலில் சுஃப்ரெனின் கப்பற்படையும் ஆங்கிலேயரை நெருக்கிய வேளையில், பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்ட செய்தி வந்தது. மங்களூர் முற்றுகையில் திப்பு சுல்தானுக்குத் துணைநின்ற பிரெஞ்சு வீரர்கள் உடனே விலகிக்கொண்டனர். 1788இல் திப்புவின் தூதர் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டு படைத்துணை வேண்டினர். தொழிலாளர் சிலரே உடன் வந்தனர், படை வரவில்லை. மறு ஆண்டு பிரான்சிலேயே புரட்சி மூண்டது.

எதிர்ப்புறத்தை நோக்குவோம். வங்காளத்தில் பெற்ற வெற்றிக்குப் பின், 1758இல் பீகாரின் வெடியுப்பு வாணிகம் கும்பெனியின் கைக்குள் வந்தது. வெடிமருந்தின் பெரும்பகுதி வெடியுப்பே ஆதலின், அவ்வாணிகம் ஒரு கோட்டைக்கு நிகர். அத்தகைய கும்பெனிக்கும் ஒரு முறை கைவறண்டது. 1791 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்ற காரன்வாலிஸ், இழுவை மாடுகள் மடிந்து தானியமும் தீர்ந்தமையால், தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் எதிர்ப்பட்டது மராத்தியப் படை. அதனுடன் ஒரு நகரத்துச் சந்தையே நகர்ந்து வந்தது. அரிசியும் மாடும் விலைக்குக் கிடைத்தன. பசித்த படை பிழைத்தது. அடுத்த ஆண்டு வஞ்சாரிகளின் பொதிமாடுகள் தானியம் சுமக்க, அதே காரன்வாலிஸ் அதே கோட்டை முன் மீண்டும் நின்றார். அம்முறை திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழக்க நேர்ந்தது. தோல்விக்குக் காட்டிக்கொடுத்தவர்களை மட்டுமே காரணமாகக் கூறுவோர் இப்பொதிமாடுகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

திண்டுக்கல் அதற்கு முன்பே, 1790 ஆகஸ்டில், கர்னல் ஸ்டூவர்ட்டிடம் வீழ்ந்திருந்தது. அவருடைய படையிடமும் குண்டுமருந்து குறைந்திருந்தது. மலையேறித் தாக்கிய படையைக் காவலர் முறியடிக்கவும் செய்தனர். மறுநாட் காலை சரணடைந்ததோ காவலரே. கீழே உள்ளவனின் கையிருப்பு மேலே உள்ளவனுக்குத் தெரியவில்லை போலும்! 1792 உடன்படிக்கையால் இச்சீமை கும்பெனிக்கு உரியதாயிற்று.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்குக் கைப்பற்றிய ஏவுகணைகள் இங்கிலாந்தின் உல்விச் ஆயுதச்சாலைக்கு அனுப்பப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆய்ந்து புதியன செய்தார். 1806இல் அவை பிரான்சின் பூலோன் துறைமுகத்தின்மீது ஏவப்பட்டன.