வேம்பு கருகுவது ஏன்?

கேள்வி: எங்கள் வாசல் வேம்பின் நுனிக்கிளைகள் மழைக்காலம் வந்தாலே கருகுகின்றன. வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா?
— ஒரு வாசகி, சிதம்பரம்.

பதில்: வேண்டாம், அம்மா. கடலூர், சிதம்பரம் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, ‘ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே’ என்னும் பூஞ்சணம் இளங்கொம்பின் நுனியைப் பற்றிக் கீழ்நோக்கி உலர்த்திக்கொண்டே வருவதும், பூவையும் காயையும் கெடுத்து, விதை வழியாகவே அடுத்த கன்றுக்கும் சென்று சேர்வதும் இந்த வியாதியின் லட்சணங்கள். வயது முதிர்ந்த விருட்சம் பெரும்பாலும் வேனிலில் மீண்டும் துளிர்த்துவிடும். தேயிலைக் கொசு சாறுறிஞ்சிய கிளையும் இவ்வாறே கருகுமாதலால், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தாரிடம் ஒரு கிளையைக் காட்டிக் கேளுங்கள். பூஞ்சணமேயானால், கருகிய கொம்புகளைப் பச்சைக்கட்டை தெரியுமட்டும் தறித்து எரித்துவிட்டு, லிட்டர் நீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்து தெளியுங்கள். அந்த மரத்து விதையைக் கன்றுக்கு எடுக்காதீர்கள்.