திருடன் ஊர்க்காரன் ஆன கதை
‘மேரா காவ் மேரா தேஷ்’ - ஒரு பார்வை

குதிரை, துப்பாக்கி, கொள்ளைக்காரன் என்றால் ‘சண்டைப் படம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பலர் இந்தி பேசப் பழகியதே இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான் என்பதையும் மறந்துவிடுகிறோம். சண்டைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், சில படங்கள் கனமான ஒரு கேள்வியைக் கேட்பது தெரியும். குற்றம் செய்தவன் திருந்த முடியுமா? திருந்தினால் அவனை ஊர் தன்னவனாக ஏற்குமா? 1971-இல் வெளிவந்த ‘மேரா காவ் மேரா தேஷ்’ அப்படிப்பட்ட ஒரு படம். பெயரின் பொருள் ‘என் கிராமம், என் நாடு’.

இயக்கியவர் ராஜ் கோஸ்லா. குரு தத்தின் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். இவருடைய ‘வோ கௌன் தீ’ (1964) படந்தான் தமிழில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ?’ (1966) ஆனது. மர்மப் படங்களில் பெயர் வாங்கிய அவர், இதில் கிராமத்துப் பக்கம் திரும்பினார். கதாநாயகன் 2025 நவம்பரில் மறைந்த தர்மேந்திரா; கதாநாயகி ஆஷா பரேக்; கொள்ளைக்காரன் ஜப்பர் சிங்காக வினோத் கன்னா. இசை லக்ஷ்மிகாந்த் - பியாரேலால். பாடல்கள் ஆனந்த் பக்ஷி.

கதை

அஜீத் ஒரு சில்லறைத் திருடன். திருடிக்கொண்டு ஓடும் அவனை ஒரு கையை இழந்த ஓய்வு பெற்ற இராணுவத்தார் ஜஸ்வந்த் சிங் பிடித்துக் கொடுக்கிறார். சிறைத்தண்டனை முடிந்து வெளியே வரும் அஜீத்துக்கு ஒரு கிராமத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்புகிறார்கள். போய்ப் பார்த்தால், வேலை கொடுக்கப் போகிறவர் அதே ஜஸ்வந்த் சிங்! எந்தக் கை அவனைச் சிறைக்கு அனுப்பியதோ, அதே கை இப்போது அவனிடம் நிலத்தில் வேலையை ஒப்படைக்கிறது.

அந்தக் கிராமமோ ஜப்பர் சிங் கூட்டத்துக்கு அஞ்சி வாழும் கிராமம். வந்த இடத்தில் உழைக்கவும், அஞ்சு என்ற பெண்ணை விரும்பவும் தொடங்கும் அஜீத், கடைசியில் அந்த ஊருக்காகக் கொள்ளைக்காரனை எதிர்த்து நிற்கிறான். கதை இவ்வளவுதான்.

திருத்தியது எது?

அஜீத்தைத் திருத்தியது உபதேசம் அன்று; தண்டனையும் அன்று. தண்டனை அவனைப் பூட்டி வைத்தது, அவ்வளவே. அதன்பின் அவனுக்கு மூன்று கிடைக்கின்றன. முதலாவது, தன் கடந்த காலத்தை முழுவதும் அறிந்த ஒருவரின் நம்பிக்கை. திருடன் என்று தெரியாமல் நம்புவது பெரிதன்று. தெரிந்தே நம்புவதுதான் பெரிது. இரண்டாவது, நாள்தோறும் செய்வதற்கு ஒரு வேலை. மூன்றாவது, ‘இது என் ஊர்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம்.

இந்த மூன்றாவதில்தான் படத்தின் பெயருக்கே பொருள் இருக்கிறது. அஜீத் அந்தக் கிராமத்தில் பிறந்தவன் அல்லன். அவனுக்கு அங்கே பாட்டன் நிலமும் இல்லை, பங்காளியும் இல்லை. வெளியிலிருந்து, அதுவும் கெட்ட பெயரோடு வந்தவன். ஆயினும் ‘என் கிராமம்’ என்ற சொல் கடைசியில் அவனுக்கே பொருந்துகிறது. பிறப்பால் வராத உரிமை, உழைப்பாலும் ஆபத்தில் உடன் நின்றதாலும் வருகிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வேறோர் ஊரில் வேரூன்றிய நமக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பு நோக்குக

இதே கேள்விக்கு வேறு படங்கள் வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன. வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ (1957) படத்தில் ஆறு கொலைக் கைதிகளைச் சிறை அதிகாரி ஒருவர் தரிசு நிலத்துக்கு அழைத்துச் சென்று உழவர்களாக்குகிறார். ஔந்த் சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைச் சோதனையை ஒட்டி எழுந்த கதை அது. எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ (1975) அதன் தமிழ் வடிவம். அங்கே கைதிகளைக் காப்பது, தங்களை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு.

1971-லேயே வந்த ‘துஷ்மன்’ படத்தில், வண்டி ஓட்டி ஒருவரின் சாவுக்குக் காரணமான லாரி ஓட்டுநர், இறந்தவரின் குடும்பத்தோடு வாழ்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. சிவாஜி கணேசனின் ‘நீதி’ (1972) இதிலிருந்து வந்ததே. அங்கே திருத்துவது, தன்னால் கெட்டவர்களின் முகத்தை அன்றாடம் பார்க்க நேர்வது.

பிறகு வந்தது ‘ஷோலே’ (1975). நம் படத்தின் சாயல் அதில் நன்றாகவே தெரியும். ஒரு கை இழந்தவருக்குப் பதில் இரு கைகளையும் இழந்த தாக்கூர். ஜப்பர் சிங்குக்குப் பதில் கப்பர் சிங். தர்மேந்திரா இரண்டிலும் உண்டு. இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜஸ்வந்த் சிங்காக நடித்த ஜெயந்தின் மகன்தான் கப்பர் சிங்காக நடித்த அம்ஜத் கான். மகன் பெற்ற பெரும்புகழைக் காணத் தந்தை இல்லை. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆனால் இரு படங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தாக்கூர் அந்த இருவரையும் கூலி பேசி அமர்த்துகிறார். அவருக்கு வேண்டியது அவர்களின் துணிச்சல். ஜஸ்வந்த் சிங் அஜீத்தை வேலையில் அமர்த்துகிறார். துணிச்சல் பிறகு தானாக வருகிறது.

படம் சொல்லாமல் விட்டது

நல்ல படம் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் இருக்கலாகாது. இக்கதையில் திருந்தும் வாசலில் நிற்பவர் அஜீத் ஒருவன் மட்டும் அல்லன். லக்ஷ்மி சாயா நடித்த முன்னி, ஜப்பர் சிங்குக்கு உளவு சொல்பவள். கட்டுண்டு நிற்கும் அஜீத்தின் முன் அவள் ஆடிப்பாடும் புகழ்பெற்ற பாட்டின் பொருளே, பிடிபட்டவனை என்ன செய்யலாம் என்பதுதான். அவளும் மனம் மாறுகிறாள். ஆனால் மாறிய ஆணுக்கு வீடும் ஊரும் மனைவியும் கிடைக்க, மாறிய பெண்ணுக்குக் கிடைப்பது சாவு. அக்காலப் படங்களில் இது எழுதாத சட்டம்போலவே இருந்தது.

ஜப்பர் சிங்குக்கோ யாரும் ஒரு வாய்ப்பும் அளிப்பதில்லை. சில்லறைத் திருடன் திருந்தலாம், பெருங்கொள்ளைக்காரன் திருந்த மாட்டான் என்று படம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் நாட்டில் நடந்தது வேறு. 1960-லேயே வினோபா பாவேயின் முன் சம்பல் கொள்ளைக்காரர் சிலர் ஆயுதங்களை வைத்தனர். இப்படம் வந்த மறு ஆண்டு, 1972 ஏப்ரலில், மத்தியப் பிரதேசத்தின் ஜௌரா பகுதியில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முன்னிலையில், காந்தியடிகளின் படத்தின் கீழ்த் துப்பாக்கிகளை வைத்துச் சரணடைந்தார்கள் மோஹர் சிங், மாதோ சிங் போன்றோர். அதற்குப் பின்புலமாக அங்கே ஆசிரமம் அமைத்து உழைத்தவர்களில் ஒருவர், பெங்களூரில் பிறந்து வடக்கே போன எஸ்.என். சுப்பாராவ். சரணடைந்தவர்களில் பலர் முங்காவலியில் அமைத்த திறந்தவெளிச் சிறையில் தண்டனையைக் கழித்துவிட்டு, நிலத்தை உழும் வாழ்க்கைக்குத் திரும்பினார்கள்.

அவர்களால் உறவினரை இழந்த குடும்பங்களுக்கு இதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. மன்னிப்பு என்பது இழந்தவர் கொடுப்பது. பார்ப்பவர் கொடுத்துவிட முடியாது. ‘துஷ்மன்’ தொட்ட இந்த இடத்தை ‘மேரா காவ் மேரா தேஷ்’ தொடவில்லை. எனினும் ஒன்றை அது தெளிவாகச் சொல்கிறது. சிறைக் கதவு திறந்தால் மட்டும் ஒருவன் விடுதலை அடைவதில்லை. வெளியே இன்னொரு கதவும் திறக்க வேண்டும். அதைத் திறப்பது அரசாங்கம் அன்று. வேலை கொடுக்கும் நீங்களும் நானும்தான்.

பிள்ளைகளோடு பேச

விடுமுறை நாளில் குடும்பத்தோடு படத்தைப் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைகளிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. தன்னிடம் பிடிபட்ட திருடனுக்கே ஜஸ்வந்த் சிங் வேலை கொடுத்தது துணிவா, அசட்டுத்தனமா?

2. அஜீத் எந்த நேரத்தில் ஊர்க்காரன் ஆகிறான்? துப்பாக்கி எடுக்கும்போதா, அதற்கு முன்பா?

3. முன்னி உயிர் பிழைத்திருந்தால், அந்த ஊர் அவளை ஏற்றிருக்குமா?

4. நம் வீட்டுக்கோ கடைக்கோ ஒருவர் வேலை கேட்டு வந்து, தாம் சிறையில் இருந்ததை மறைக்காமல் சொன்னால், நாம் என்ன செய்வோம்?

நான்காம் கேள்விக்குப் பெரியவர்கள் முதலில் விடை சொல்லட்டும்.