தோலுக்கு வெளியே வரைவது

சென்னையில் டாட்டூ ஸ்டூடியோ நடத்துகிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது மெஷினைப் பற்றித்தான். காயில் மெஷினா, ரோட்டரியா? எந்த இங்க் நல்லது? இவற்றை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுச் சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம். பல வருடம் குத்திய பிறகும் கையும் மனமும் சலிக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்பவர்கள் குறைவு. நான் கண்டுகொண்ட வழி ஒன்றுதான்: ஸ்டூடியோ வேலைக்குப் பக்கத்திலேயே, யாரும் கேட்காத, நமக்காகவே வரைகிற வேலை ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவின் முகம், குழந்தையின் பெயர், வேல், சிங்கம் என்று ஒவ்வொருவரும் ஒரு விருப்பத்தோடு வருகிறார்கள். உடம்பு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்தவர் தோலில் பரிசோதனை செய்து பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது. அப்படியானால் பரிசோதனையை எங்கே செய்வது? தாளில், சுவரில், துணியில். அந்த இடம் இல்லாத கலைஞர் நாளடைவில் மற்றவர் கொண்டுவரும் படங்களை நகலெடுப்பவராகவே நின்றுவிடுவார்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை எனக்குப் பிடித்தமானது. கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்ற ஓவியர்களும் 1966இல் அதை உருவாக்கினார்கள். பாட்டிக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். சோறு போட்ட வேலையும் கோடும் வண்ணமும் சேர்ந்த வேலையாகவே இருந்ததால் ஒன்றில் பழகிய கை இன்னொன்றுக்கும் உதவியது. பக்கவேலையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கோல நோட்டு

ஸ்டூடியோ திறப்பதற்கு முன் பிரஷ் பேனாவால் ஒரு சிக்குக் கோலம் போடுவது என் வழக்கம். பென்சில் இல்லை, அழிப்பான் இல்லை. புள்ளி வைத்து, கோட்டைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும்.

டாட்டூவில் கோடு குத்தும் லைனிங்கும் இதே வேலைதான். ஊசி வினாடிக்கு நூறு தடவை அளவில் ஏறி இறங்குகிறது. மை மேல்தோலைத் தாண்டி, அதன் அடியிலுள்ள டெர்மிஸ் அடுக்கில் தங்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம். கை ஓரிடத்தில் நின்றாலோ ஊசி ஆழம் போனாலோ மை பரவி நிழல் தட்டும். கை வேகமாகப் போனால் கோடு விட்டுவிட்டு விழும். இந்த நிதானத்தை எனக்குப் பழக்கியது கோல நோட்டுதான்.

நடைமுறையில் உதவும் இரண்டு விஷயங்களையும் கோலத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். முதலாவது, கோட்டை நிறுத்தி மூச்சு விட வேண்டுமென்றால் இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் நிறுத்துங்கள். சேர்த்த தடம் கண்ணுக்குத் தெரியாது. படத்தின் அச்சான ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அந்தச் சந்திப்புகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, முன்கை முழங்கையருகே பருத்து மணிக்கட்டை நோக்கி ஒடுங்குகிறது. நேர்ப்புள்ளிக் கோலத்தை முன்கையைச் சுற்றிப் போட்டால் மணிக்கட்டில் நெருக்கியடிக்கும். இடைப்புள்ளிக் கோலத்தில் வரிசைக்கு ஒரு புள்ளி தானாகக் குறைகிறது. கையின் ஒடுக்கத்துக்கு ஏற்ற வடிவம் நம் வாசலிலேயே இருக்கிறது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலுக்கான பட இலக்கணமாக ஆராய்ந்தார்கள். சில சிறு அலகுகள், அவற்றைச் சேர்க்கும் சில விதிகள், அவற்றிலிருந்து எண்ணற்ற கோலங்கள். இதைப் படித்த பிறகு முழுக் கோலங்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு அலகுகளைச் சேகரிக்கத் தொடங்கினேன். யாருடைய கைக்கு எது பொருந்தும் என்று அவர் எதிரிலேயே கூட்டிக் குறைத்து வரைய முடிகிறது.

பாட்டிகளின் கைகள்

சாமுவேல் ஓ'ரைலி நியூயார்க்கில் மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1891இல். மெஷின் நம் ஊர்ப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தினார்கள். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மையில் தோய்த்து, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். வாசல் கோலத்துக்கும் இந்தப் பச்சைக் கோலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

எங்கள் அம்மாச்சியின் முன்கையிலும் அப்படி ஒரு கோலம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பாட்டிகளின் கைகளைப் பார்த்து நோட்டில் வரைந்து வருகிறேன். தேள், மீன், தாமரை, தேர், புள்ளி வரிசை, கணவர் பெயர். “மங்கிப்போனதப் போயி என்னத்த தாயி வரையிற?” என்று கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டுவார்கள். குத்தின அம்மாவுக்கு நெல்லு கொடுத்ததையும், அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் வந்ததையும் சொல்வார்கள்.

ஐம்பது வருடம் கழித்து மை என்ன ஆகும் என்பதை வேறெந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. ஒல்லிக் கோடுகள் தடித்திருக்கின்றன. நெருக்கமாக ஓடிய கோடுகள் ஒன்றாகிவிட்டன. இடம்விட்டு வைத்த புள்ளிகள் மட்டும் இன்றும் புள்ளிகளாகவே நிற்கின்றன. மை உடம்பில் தங்குவதற்குக் காரணம் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள். மேக்ரோஃபேஜ் என்னும் அணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறந்தால் வெளிவரும் துகள்களைப் புதிய அணுக்கள் விழுங்கிக்கொள்கின்றன என்று 2018இல் வெளியான ஆய்வு எலிகளில் காட்டியது. டாட்டூ என்பது உயிருள்ள தோலில் நடந்துகொண்டே இருக்கும் வேலை. அதனால் இன்று குத்தும்போது இரண்டு கோடுகளுக்கு நடுவே, கோட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இடம் விடுகிறேன். “இன்னும் சின்னதா, இன்னும் நெருக்கமா வேணும்க்கா” என்று கேட்பவர்களுக்கு நோட்டிலுள்ள படங்களைக் காட்டுவேன். பார்த்ததும் புரிந்துகொள்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் அந்தக் கைகள் ஒன்று சொல்லித்தந்தன. மெலனின் இருப்பது மேல்தோலில், மை இருப்பது அதற்குக் கீழே. நம் தோல் நிறத்தின் ஊடாகத்தான் மையைப் பார்க்கிறோம். வெளிர் மஞ்சள், வெள்ளை போன்றவை நம்மவர்கள் தோலில் மங்கித் தெரிவது இதனால்தான். கறுப்பு நின்று பேசும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏங்குவதைவிட, கறுப்பையும் தோலின் நிறத்தையும் மட்டும் வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று தேடுவது நமக்கு நல்ல பலன் தரும்.

இப்படிச் சேகரிப்பவர்கள் சில ஒழுக்கங்களைக் காக்க வேண்டும். அனுமதி கேட்காமல் வரையாதீர்கள். முகத்தைப் படமெடுக்காதீர்கள். வரைந்ததில் ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அந்தக் கோலங்களை டிசைன் என்று நான் விற்பதில்லை. அந்தப் பாட்டியின் பேத்தியே வந்து “எங்க அப்பத்தா கையில இருந்தது எனக்கும் வேணும்” என்று கேட்டால், அதைக் குத்திக் கொடுப்பதைவிட நிறைவான வேலை எனக்கு வேறில்லை.

தமிழ் எழுத்தில் பயிற்சி

பெயர் குத்த வருபவர்கள்தான் எந்த ஸ்டூடியோவிலும் அதிகம். தமிழில் குத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தமிழ் எழுத்தை வரையத் தெரிந்தவர்கள் சிலரே. கணினி எழுத்துருவை அப்படியே ஸ்டென்சில் ஆக்கினால் தோலின் வளைவில் உயிர் போய்விடும். அதனால் வாரக் கடைசியில் எழுத்தோவியம் பழகுகிறேன். அழைப்பிதழ்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் எழுதித் தருவதுண்டு.

இதில் எனக்கு வழிகாட்டி ஓவியர் ஆதிமூலம் (1938–2008). காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும், தமிழ்ப் பத்திரிகைகளில் கதைகளுக்கு வரைந்தவற்றையும் தேடிப் பாருங்கள். ஒரே கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது, எங்கே அறுந்து மீண்டும் பிடிக்கிறது என்று கவனித்தால் மாதக்கணக்கில் பயிற்சிக்கு ஆகும்.

சில குறிப்புகள். ண, ழ, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் வெற்றிடம் குறைவு. காலப்போக்கில் மை பரவி அடைபடும். எனவே எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், பரவினால் புள்ளி காணாமல் போகும். பெயரை வாடிக்கையாளரே தன் கையால் தாளில் எழுதித் தர வேண்டும். ஸ்டென்சில் ஒட்டுவதற்கு முன் அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஸ்டூடியோவில் இன்னொருவரும் படிக்க வேண்டும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் இருக்கும் மொழியில் இந்த வழக்கத்தை ஒருநாளும் விடக் கூடாது.

உடம்புக்கும் ஒரு பக்கவேலை

டாட்டூ என்பது விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் நடக்கும் வேலை. கழுத்தைக் குனிந்து மணிக்கணக்கில் உட்கார்கிறோம். பக்கவேலையும் அதே குனிந்த வேலையாக இருந்தால் உடம்பு தாங்காது. ஆகவே ஒரு வேலையாவது தோளிலிருந்து வரைவதாக இருக்கட்டும். பள்ளிச் சுவர்களிலும் நண்பர்களின் வீட்டு மாடிச் சுவர்களிலும் நான் பெரிய தூரிகை பிடிக்கிறேன். மூன்றடிக் கோட்டை ஒரே மூச்சில் இழுத்துப் பழகியவருக்கு முதுகு முழுக்கப் படரும் பெரிய டிசைனைத் திட்டமிடுவது எளிதாகிறது. தசை எப்படி ஓடுகிறது, எழுந்து நின்றால் படம் எப்படி மாறுகிறது என்பதைத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணும் வருகிறது.

காசும் கணக்கும்

நம் ஊரில் டாட்டூவுக்குச் சதுர அங்குலக் கணக்கில் விலை சொல்வது வழக்கம். வரைவதற்கு ஆகும் நேரம் அந்தக் கணக்கில் வராது. சொந்த டிசைன் கேட்பவர்களிடம் வரைவதற்கென்று தனியாக முன்பணம் வாங்குங்கள். அதைச் சங்கடமில்லாமல் சொல்லப் பழகினால்தான் நகலெடுப்பதிலிருந்து வெளியே வர முடியும்.

நோட்டில் பிறந்த படங்களை அச்சிட்டு விற்கலாம், டி-சர்ட்டில் போடலாம். அதற்கும் எல்லை உண்டு. ஒருவருக்கென்று வரைந்து குத்தியது அவருடையது. அதை இன்னொருவருக்குக் குத்துவதோ, சுவரொட்டியாக்கி விற்பதோ கூடாது. பக்கவேலையின் வரவு செலவுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஒரு வேலையையாவது விலை பேசாமல் வைத்திருங்கள். பாட்டிகளின் நோட்டு எனக்கு அப்படி.

இன்னொன்றும் விலை பேசாத வேலைதான். தீக்காயத் தழும்பு, அறுவைச் சிகிச்சைத் தழும்பு மீது பூவோ கொடியோ கேட்டு வருபவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை. தழும்பு முழுதாக ஆறி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், மருத்துவர் சம்மதிக்க வேண்டும். தழும்பு மேலெழும்பி வளரும் கீலாய்ட் உடம்புக்காரர்களுக்கு மறுத்துவிடுகிறேன். மறுக்கத் தெரிவதும் இந்தத் தொழிலின் திறமைதான்.

தொடங்குபவர்களுக்கு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொண்ட பிறகு மெஷினைத் தொடுங்கள். ஊசி ஒருவருக்கு ஒன்றுதான். திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் முழு நேரம் வையுங்கள். சென்னை வெக்கையில் ஸ்டென்சில் வியர்வையில் கலையும், நன்றாகக் காயவிட்டுத் தொடங்குங்கள். புதிய டாட்டூவோடு கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். குத்திய பின் சில காலம் இரத்த தானம் செய்ய முடியாது என்பதையும், ராணுவ, காவல்துறை வேலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் குத்துவதற்கு முன்பே சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஒரு பக்கவேலையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கோட்டிலிருந்து அது தொடங்கட்டும். தினமும் சிறிது நேரம் போதும், விட்டுவிடாமல் செய்யுங்கள். வாடிக்கையாளர் தன் தோலை நம்பிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது, அவர் வருவதற்கு முன்பே தாளில் போதுமான அளவு தேறிய ஒரு கை.