வாக்கேயகாரர் ந. வீரமணி ஐயர்

பாடலின் சொல்லையும் அதற்குரிய இசையையும் ஒருவரே ஆக்குவாராயின் அவரை வாக்கேயகாரர் என்பது கர்நாடக சங்கீத மரபு. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மும்மூர்த்திகள் இவ்வழி நின்றோர். ஈழத்தில் அண்மைக் காலத்தில் இம்மரபைத் தமிழிலே வளர்த்தவர்களுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் யாழ்ப்பாணம் இணுவிலைச் சேர்ந்த பிரம்மஸ்ரீ ந. வீரமணி ஐயர் (1931 - 2003) ஆவார்.

இளமையில் சென்னை சென்ற ஐயர், கலாக்ஷேத்திராவில் ருக்மிணிதேவி அருண்டேலிடம் நடனமும், பாபநாசம் சிவனிடம் இசையும் பயிலும் பேறு பெற்றார். நாடு திரும்பியபின் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். கீர்த்தனைகளோடு பதங்களையும் நாட்டிய நாடகங்களையும் ஆக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டு கௌரவ முதுகலைமாணிப் பட்டம் வழங்கி அவரைக் கௌரவித்தது.

மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது அவர் இயற்றிய ‘கற்பகவல்லி’ என்னும் பாடலை அறியாத அடியார் அரிது. டி. எம். சௌந்தரராஜனின் குரலில் அது உலகெங்கும் பரவியது. ஆனால் பாடியவரை அறிந்தோர் பலர். ஆக்கியவர் ஈழத்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அப்பாடல் ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி ஆகிய நான்கு இராகங்கள் அதில் வருகின்றன. எந்த இராகத்தில் சரணம் அமைகின்றதோ, அந்த இராகத்தின் பெயராலேயே அம்பிகை அங்கு விளிக்கப்படுகின்றாள். அடியாருக்கு அது தாயின் திருநாமம். இசை பயிலும் மாணவருக்கு அதுவே இராகத்தின் பெயர். இவ்வாறு அமைப்பதை இராக முத்திரை என்பர். தீட்சிதர் கையாண்ட இவ்வுத்தியை ஐயர் எளிய தமிழில், பக்தி குன்றாது கையாண்டார்.

ஏழு சுரங்களும் அமைந்த தாய் இராகங்கள் 72. இவற்றை மேளகர்த்தா என்பர். பாடுவதற்குக் கடினமானவையும் இவற்றுள் பல உண்டு. தமிழில் இவை அனைத்திலும் கீர்த்தனை செய்தவர் கோடீஸ்வர ஐயர். அவர் வழியில் வீரமணி ஐயரும் 72 இராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார்.

பெருந்தலங்களை மட்டும் பாடியவரல்லர் அவர். ஈழத்துக் கிராமத்துக் கோயில்கள் பலவற்றுக்கும் திருவூஞ்சலும் கீர்த்தனையும் பாடிக் கொடுத்தார். ஊரின் பெயரும், அங்கு எழுந்தருளியுள்ள தெய்வத்தின் பெயரும் பாட்டில் அமையும்போது, அக்கோயில் சிறிதாயினும் அதற்கெனத் தனிப் பாடல் உண்டாகின்றது. திருவிழா முடிவில் ஊஞ்சல் ஆடும் ஒவ்வோர் ஆண்டும் அது மீண்டும் ஒலிக்கும்.

சாய்ந்தமருதை அடுத்த காரைதீவு, யாழ்நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண். அங்கே கண்ணகை அம்மன் ஆலயத்தில் வைகாசிச் சடங்கின்போது குளிர்த்திப் பாடல் இன்றும் பாடப்படுகின்றது. கோயிற் பாடல் வாய்வழியே வாழ்வது. பாடுவோர் அற்றால் அது மறைந்துவிடும். ஆகவே அறநெறிப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குத் தத்தம் ஊர்க் கோயிற் பாடலைப் பண்ணோடு பழக்குவதும், அதனை ஆக்கியவர் தெரிந்தவிடத்து அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதும் பெரியோர் கடனாகும்.