ஃபெரட்டுக்கு ஆபரேஷனா, மருந்தா?

கேள்வி: எங்கள் வீட்டு ஃபெரட் மின்னிக்கு ஐந்து வயது. பெண். வால் நுனியிலிருந்து கொட்ட ஆரம்பித்த முடி இப்போது இடுப்பு வரை போய்விட்டது. பிறப்புறுப்பும் வீங்கியிருக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், இடது அட்ரீனல் சுரப்பி பெரிதாகியிருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்கலாம், இல்லாவிட்டால் தோலுக்கடியில் மருந்து வைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். வயிற்றைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. மகளோ, “மருந்து வெச்சா கட்டி உள்ளேயேதானேம்மா இருக்கும்?” என்று அழுகிறாள். சில நாட்களாக மின்னி விளையாட்டின் நடுவே நின்று எங்கேயோ வெறித்துப் பார்க்கிறது. வயதாகிவிட்டது போலும். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வெறித்துப் பார்க்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. வயது என்று விட்டுவிடாதீர்கள். ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினைக் கொட்டும் சிறு கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது இப்படித்தான் நின்று விழிக்கும். பின்னங்கால் தள்ளாடும், எச்சில் ஒழுகும், முன்காலால் வாயைப் பிறாண்டும். அட்ரீனல் நோயும் இதுவும் சேர்ந்தே வருவதுண்டு. எனவே எந்த முடிவுக்கும் முன்னால் மின்னியின் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 90-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 60-க்குக் கீழே என்றால் கணையக் கட்டி ஏறக்குறைய உறுதி. இதற்காக வீட்டில் பட்டினி போட வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரம் வெறும் வயிறாக வைப்பதைக்கூட மருத்துவமனையில், அவர்கள் கண்ணெதிரில்தான் செய்ய வேண்டும்.

இனி அட்ரீனல். மின்னியின் காதைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு நீலப் புள்ளிகள் பச்சை குத்தியிருக்கலாம். அமெரிக்காவில் கடைக்கு வரும் ஃபெரட்டுகளில் பெரும்பாலானவை பெரிய பண்ணைகளில் பிறந்து, சில வாரக் குட்டியிலேயே கருத்தடை செய்யப்பட்டவை. சினைப்பை போய்விட்டதால், ‘ஹார்மோன் போதும்’ என்று மூளையடிச் சுரப்பிக்குச் சொல்ல உடலில் எதுவும் இல்லை. அது ஓயாமல் உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவைக் கேட்டு அட்ரீனல் சுரப்பி பாலின ஹார்மோன்களைச் சுரந்து, வீங்கி, கடைசியில் கட்டியாகிறது. முடி கொட்டுவதும் வீக்கமும் அந்த ஹார்மோன்களின் வேலை.

தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் அந்த உத்தரவை நிறுத்துகிறது. ஃபெரட்டின் இந்த நோய்க்காகவே இதைப் பயன்படுத்த 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரிசி மணி அளவு, 4.7 மில்லிகிராம். வைத்த இரண்டு வாரத்தில் வீக்கம் வடியத் தொடங்கும், ஓரிரு மாதத்தில் முடி முளைக்கும். சாதாரணமாக 8 முதல் 20 மாதம் வரை தாங்கும், பிறகு மறுபடி வைக்க வேண்டும். உங்கள் மகள் சொல்வது சரிதான், கட்டி உள்ளேயே இருக்கும். மெல்ல வளரவும் கூடும். ஆனால் இந்தக் கட்டிகள் வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஹார்மோன் அடங்கினாலே பல ஃபெரட்டுகள் நன்றாக வாழ்ந்துவிடுகின்றன என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் என்பதே பாதி முடிவு. வலது சுரப்பி உடலின் பெரிய சிரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூலிழை தவறினாலும் ரத்தம் கொட்டும். மின்னிக்கு வலதாக இருந்திருந்தால், மருந்தே போதும் என்று இந்த இடத்திலேயே எழுதியிருப்பேன். இடது அப்படியல்ல, கைப்பழக்கம் உள்ள மருத்துவர் எடுத்துவிடுவார். அதற்கு முன் இதயத்தையும் ஸ்கேன் பார்க்க வேண்டும். இந்த வயது ஃபெரட்டுகளுக்கு இதயத்தசை பலவீனமாக இருப்பதுண்டு, மயக்க மருந்தை அது தாங்காது.

என் யோசனை இதுதான். சர்க்கரை குறைவாக இருந்து இதயம் நன்றாக இருந்தால் ஆபரேஷன் செய்யுங்கள். வயிற்றைத் திறக்கும்போதே கணையத்தைத் தடவிப் பார்த்து அங்குள்ள கட்டிகளையும் எடுத்துவிடலாம். டெஸ்லோரெலினால் அது முடியாது. கணையக் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு உண்டு, ஆனாலும் பல மாதம் நல்ல வாழ்வு கிடைக்கும். சர்க்கரை சரியாக இருந்தாலோ, இதயம் சரியில்லை என்றாலோ, மருந்து வையுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. இதயமும் பலவீனம், சர்க்கரையும் குறைவு என்றால் பிரெட்னிசலோன் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆபரேஷன் செய்தாலும் பிறகு டெஸ்லோரெலின் வைப்பது நல்லது. உத்தரவு நிற்கவில்லையே, வலது சுரப்பியும் ஒருநாள் கிளம்பும்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதுவரை எத்தனை ஃபெரட்டுக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? நாய், பூனை மட்டுமே பார்ப்பவர் என்றால் வேறு இடம் தேடுங்கள். முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடச் சொன்னாலும் அப்படியே.

பரிசோதனை முடியும் வரை மணிக்கணக்கில் வெறும் வயிறாக விடாமல் இறைச்சி உணவு வையுங்கள், இனிப்பு வேண்டாம். மின்னி துவண்டு விழுந்தால் மட்டும் ஈறில் துளி தேன் தடவி, விழுங்கும் தெம்பு வந்ததும் இறைச்சி கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஆண் ஃபெரட் வளர்க்கும் வாசகர்களுக்கு: இதே நோயில் அவற்றுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஆபரேஷனா மருந்தா என்று யோசித்துக்கொண்டிராதீர்கள், அன்றே, இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.