பசுவின் மடியில் ஊதாவும் சிவப்பும்



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்தருகே, விடியற்காலையில் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். மற்றொன்று, பால் கேன்களுடன் விரையும் இரு சக்கர வண்டிகள்.

என் மாணவன் ஒருவனின் வீடு அச்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. வீட்டில் இரண்டு கறவைப் பசுக்கள். ஒரு நாள் ஒரு பசுவின் மடி வீங்கிச் சுட்டது. ஒரு காம்பில் பால் நீர்த்து, திரிதிரியாக வந்தது. மடிநோய்தான். பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வாங்கி மீந்திருந்த மருந்தைக் காம்பில் செலுத்தினார்கள். அந்தப் பசுவைக் குணப்படுத்திய மருந்து, இந்தப் பசுவைக் குணப்படுத்தவில்லை. மருத்துவரிடம் போவதற்குள் நாட்கள் கடந்துவிட்டன. அந்தக் கால்மடி பிறகு சுரக்கவே இல்லை.

“நோய் ஒன்றுதானே சார், மருந்து ஏன் கேட்கவில்லை?” என்றான் அவன். நான் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் விடையின் ஒரு பகுதி இயற்பியலிலும் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாதது ஏன்?

மடிநோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவினவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். நுண்ணோக்கியில் அவை தெரிய வேண்டும் அல்லவா? ஆனால் ஒரு தடை உண்டு. பாக்டீரியாவின் ஒளிவிலகல் எண் நீரின் ஒளிவிலகல் எண்ணுக்கு அருகில் இருக்கிறது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில், வெப்பம் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக் கோலைக் கிளிசரினில் அமிழ்த்திப் பாருங்கள்; கோல் மறைந்தாற்போல் தோன்றும். பாக்டீரியாவும் அப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. ஆகவே அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும்.

கிராமின் சாயம்

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் பெர்லினில் ஒரு முறையை வெளியிட்டார். இன்று அது நடைபெறும் விதம் இது: மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, இலேசாகச் சூடாக்கி, ஊதாச் சாயம் இடுகிறார்கள். பிறகு அயோடின்; அடுத்து ஆல்கஹாலால் கழுவுதல்; கடைசியில் ஒரு சிவப்புச் சாயம்.

சில பாக்டீரியாக்களின் சுவர் தடித்தது. அது ஊதாவைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். இவை கிராம்-பாசிட்டிவ். மற்றவற்றின் சுவர் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புடைய ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் அச்சவ்வைச் சிதைக்க, ஊதா வெளியேறி, பிறகு சிவப்பு ஏறுகிறது. இவை கிராம்-நெகட்டிவ். நிறம் சொல்வது சுவரின் கதையே!

வடிவமும் வேதியியலும்

அடுத்து வடிவம். ஊதா உருண்டைகள் மணிமாலைபோல் கோத்திருந்தால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். திராட்சைக் கொத்துபோல் இருந்தால் ஸ்டெபிலோகாக்கஸ். ஐயமிருந்தால் ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஸ்டெபிலோகாக்கஸ் நுரைக்கும்; ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. சிவப்புக் கோல்கள் தென்பட்டால், சாணத்தில் வாழும் ஈ. கோலையும் அதன் உறவினங்களும் நினைவுக்கு வர வேண்டும்.

நம் உழவர்கள் அறிந்த பிற நோய்களும் இவ்வரிசையில் அமைகின்றன. அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றின் கிருமிகள் ஊதாக் கோல்கள். தொண்டை அடைப்பான், கன்றுவீச்சு நோய் ஆகியவற்றின் கிருமிகள் சிவப்புக் குறுங்கோல்கள். காசநோய்க் கிருமிக்கோ மெழுகுச் சுவர். அதற்குத் தனிச் சாய முறையே உண்டு. கோமாரி இப்பட்டியலில் இல்லை. அது வைரஸ் நோய். இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான், சப்பை, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தடுப்பூசி தயாரித்து வந்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? கிருமி வேறு, எனவே ஊசியும் வேறு.

வகைப்பாடு எதற்கு?

பெனிசிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. சிவப்பு வகையிலோ வெளிச்சவ்வு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஊதா வகையிலும் சில ஸ்டெபிலோகாக்கஸ்கள் பெனிசிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே, மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளைக் கிருமி வளர்ந்த தட்டில் வைத்து, எந்த வட்டைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறது என்றும் பார்க்கிறார்கள்.

நோயைத் தடுக்கும் வழியையும் வகைப்பாடே காட்டுகிறது. பால் வற்றச் செய்வதால் ‘அகலாக்டியே’ எனப் பெயர் பெற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கறப்பவர் கைவழியே மடிக்கு மடி தாவுகிறது; கையைக் கழுவ வேண்டும், நோயுற்ற பசுவைக் கடைசியில் கறக்க வேண்டும். ஈ. கோலை சாணத்திலிருந்தும் ஈரத்தரையிலிருந்தும் வருகிறது. கொட்டிலை உலர வைக்க வேண்டும்.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “வீக்கம் ஒன்று; கிருமி பல. அந்த மருந்து பக்கத்து வீட்டுக் கிருமிக்கானது.” தொழிற்சாலையில் ஒரு போல்ட்டுக்கு உரிய மறை இன்னொன்றில் ஏறாது என்பதை அவன் அண்ணன் அறிவார், உடனே புரிந்துகொண்டார்.

உங்கள் வீட்டில் பசு இருந்தால், தினமும் கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் சில பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்த பின், அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ வேண்டாம். மீந்த மருந்தை அடுத்த பசுவுக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.